நோணாங்குப்பம் சீட்டும் நீ மாட்டிய பலகையும்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
12.7.1984

அன்பு மகன் பலராமனுக்கு அப்பா சின்னக்கண்ணு எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கோபத்துக்கும் குறையில்லை. அங்கே நீயும் மருமகள் ஆதிலட்சுமியும் நலந்தானா, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா இல்லையா, அதை முதலில் எழுது. ஜூன் மாதம் வந்த உன் கடிதத்தில் நாலு பக்கம் கடையைப் பற்றி எழுதிவிட்டுக் கடைசி ஓரத்தில் பாப்பாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். அன்றைக்கே பதில் போட்டேன். இன்றைக்கு இருபத்தாறு நாள் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இது ஒரு கோபம். இன்னொன்று கடையைப் பற்றியது, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

நீ பிப்ரவரியில் லீவுக்கு வந்து நாற்பது நாள் இருந்தாய். பாரீசில் பெரிய கடையின் கிடங்கில் வேலை செய்கிறவன், பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நம் மளிகைக் கடை முகப்பில் கண்ணாடிப் பெட்டி வைத்தாய், சோப்பும் பவுடரும் செண்டு பாட்டிலும் அதில் அடுக்கினாய். அரிசி பருப்பு மூட்டையெல்லாம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பின்கட்டுக்குத் தள்ளினாய். பஸ் ஸ்டாப்பைப் பார்த்த பக்கத்துச் சன்னலை அடைத்து ஆறடிக்குப் பலகை மாட்டினாய், அதில் அரிசி மூட்டை படம், எண்ணெய் டின் படம், மூலையில் ஈஃபில் கோபுரம் வேறு. சாமான் சீட்டு வந்தால் ஒருவர் பார்த்து மூன்று பிரதி எழுத வேண்டும், ஒருவர் சாமானை ஒவ்வொன்றாக எடுத்து வந்து டிக் போட வேண்டும், ஒருவர் நிறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறினாய். அது மூன்று ஆள் வேலையடா. கடையில் இருப்பது நானும் அம்மாவாசையும். மில்லில் என்னோடு வேலை பார்த்தவர், முட்டி தேய்ந்தவர், அவர் உன் சட்டப்படி ஒரு காலையில் முப்பது தடவை பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடக்கிறார். நீ அதையெல்லாம் நினைத்துப் பார்த்தாயா?

நம் கடைக்கு வருகிற ஆளைவிட வராத ஆள்தான் அதிகம் என்பது உனக்குத் தெரியாததா? நோணாங்குப்பத்தில் இட்லியும் சோறும் போட்டுக் கடை வைத்திருக்கும் செல்வாம்பாள் தன் சீட்டோடு அக்கம்பக்கத்துப் பதினாலு வீட்டுச் சீட்டையும் சேர்த்துக் கூடையில் போட்டுக் காலை பஸ்ஸில் அனுப்புவாள். கண்டக்டர் இராமதாஸ் நம் கடை முன்னால் கூடையை இறக்குவார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்பி வர அந்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம். அதற்குள் சாமானைக் கட்டிச் சன்னல் வழியாக நீட்டினால் அவர் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவார். நீ ஸ்கூல் போகும்போது எத்தனை நாள் அந்தச் சன்னலில் நீயே நீட்டியிருக்கிறாய். செல்வாம்பாள் நம் கடை முகத்தையே வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பார்ப்பாள், அவளுக்கு உன் கண்ணாடிப் பெட்டி எதற்கு? அவளுக்கு வேண்டியது பஸ்ஸில் மூட்டை.

ஏப்ரலில் முதல் தடவை பஸ் தவறியது. உடனே உனக்கு எழுதினேன். நீ பதில் போட நாற்பத்தொரு நாள் ஆயிற்று. அந்த ஜூன் கடிதத்தில் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? இரண்டாவது பலகை ஒன்று செய்யுங்கள், அதற்குள் மின்சார விளக்கு வைத்தால் சாயந்தரத்தில் எடுப்பாக இருக்கும் என்று படம் போட்டு அனுப்பியிருந்தாய். கடை அழகாக இருந்தால் ஜனங்கள் காத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தாய். யாரடா காத்திருப்பார்கள்? பஸ் காத்திருக்குமா?

போன வாரம் திங்கட்கிழமை மூன்றாவது தடவையாகத் தவறியது. அடுத்த பஸ்ஸிலேயே செல்வாம்பாள் வந்து இறங்கிவிட்டாள், கையில் வேறொரு வெறுங்கூடை. கடைக்குள் வரவில்லை, உன் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டாள். இன்னா அண்ணே, உல கொதிச்சி கொதிச்சி தண்ணி வத்திப்போச்சி, அரிசி வரல, படகுக்காரங்க பத்து பேரு எலய பாத்துகினு உக்காந்துட்டு எழுந்து போய்ட்டாங்க, இந்தக் கண்ணாடிய வேவிச்சிப் போடட்டுமா நானு என்று கேட்டாள். வர்ற திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன், அப்பறம் பதினஞ்சி சீட்டும் எதுத்தாப்புல கிருஷ்ணசாமி கடைக்குப் போய்டும், சொல்லிப்புட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பதினைந்து சீட்டு போனால் நம் கடையில் ஈதான் ஓட்ட வேண்டும். கிருஷ்ணசாமி அவர் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அன்றைக்குச் சாயந்தரமும் நான் எதையும் நகர்த்தவில்லை என்றால் நம்புவாயா? அம்மாவாசை வேகமாக நடக்கவில்லை என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். உன் அம்மாதான் என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷர் கால்ல இன்னா கீது, நீங்க அந்தப் பொட்டிய நவுத்த மாட்டேங்கறீங்க, மவன் வாங்கிக் குடுத்ததுன்னு தெனம் தொடச்சிகினு கெடக்கறீங்க, மவன் அங்க இருக்கான், பஸ்ஸு இங்கதான வருது என்று கேட்டாள். உண்மைதான். உப்பளத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்க வைத்து என் மகன் பாரீஸ் மாதிரி செய்து கொடுத்தான் என்று நானே பெருமை அடித்திருக்கிறேன். அந்தப் பெருமையில் நாலு மாதம் போய்விட்டது. மறுநாள் காலை அம்மாவாசை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். அதற்கும் உன் மேல்தான் கோபம் வந்தது, எழுதாமல் எப்படி இருப்பது.

நீ என் கையில் கட்டிவிட்டுப் போன கைக்கடிகாரம் ஒரு வேலைக்கு உதவியது, அதையும் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை சீட்டு வந்ததிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். மொத்தம் நாற்பத்தெட்டு நிமிஷம், பஸ் தாமதமாக வந்ததால்தான் அன்றைக்கும் மற்ற நாட்களிலும் தப்பித்திருக்கிறோம். நிறுப்பதற்கு ஆனது கொஞ்சம்தான். எழுதியதையே மூன்று பிரதி திரும்ப எழுதுவதில் பதினோரு நிமிஷம் போயிற்று, மீதியெல்லாம் நடைதான். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய் வருகிற நடை. அவள் எழுதி அனுப்பிய சீட்டிலேயே டிக் போட்டால் போதாதா, அவளுக்கு எதற்கு மூன்று பிரதி, கூடையைப் பிரித்தால் முதலில் சாமானைத்தான் பார்க்கப் போகிறாள்.

அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டியை அம்மாவாசையும் நானுமாகப் பின்கட்டுக்குத் தள்ளினோம், ஒரு கண்ணாடியில் விரிசல் விட்டுவிட்டது, விடட்டும். அரிசியும் பருப்பும் புளியும் மிளகாயும் கை நீட்டினால் எடுக்கிற தூரத்துக்கு வந்துவிட்டன. பழைய சீட்டையெல்லாம் உன் அம்மா எடுத்துப் பார்த்தாள், செல்வாம்பாள் எந்த நாளும் அரிசி எட்டுக் கிலோ, உளுந்து இரண்டு கிலோவுக்குக் குறைத்துக் கேட்டதில்லை. சீட்டு வந்தபிறகு நிறுப்பானேன், முதல்நாள் சாயந்தரமே கட்டி வைத்துவிடலாமே என்றாள். அப்படியே செய்கிறோம், சீட்டில் கூடுதலாக இருந்தால் அதை மட்டும் நிறுக்கிறோம். எல்லாச் சாமானும் ஒரே பஸ்ஸில் போயாக வேண்டும் என்று என்ன சட்டம் இருக்கிறது, உலை வைக்க வேண்டியது முதல் பஸ்ஸில் போகட்டும், சோப்பும் ஊதுபத்தியும் தலைக்கு எண்ணெயும் பத்து மணி பஸ்ஸில் போனால் யார் பட்டினி கிடக்கப் போகிறார்கள். உப்பு, தீப்பெட்டி, விளக்குத்திரி இதெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு அவள் கடையிலேயே வைத்துவிட்டேன், அந்தப் பதினாலு வீட்டுக்காரர்களும் அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள், அதற்குச் சீட்டே வருவதில்லை.

உன் பலகையை என்ன செய்தேன் என்று கேட்பாய். ரம்பத்தை எடுத்து நானே அறுத்தேன். அறுக்கும்போது உன் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது, இருந்தாலும் கை நிற்கவில்லை. சன்னல் திறந்தாயிற்று. பலகைத் துண்டுகளைச் சாமான் வைக்கிற தட்டாக அடித்துவிட்டேன், ஈஃபில் கோபுரம் இப்போது புளிப் பானைக்கு அடியில் இருக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை சீட்டு வந்து பத்தொன்பதாவது நிமிஷம் மூட்டைகள் சன்னலில் இருந்தன. பஸ் வர இன்னும் இருபத்தொரு நிமிஷம். எதையாவது விட்டுவிட்டோமா என்று இரண்டு தடவை அவிழ்த்துப் பார்த்தேன். இராமதாஸ் வந்து இன்னா பெரியவரே, ஆரன் அடிக்கறதுக்குள்ள மூட்ட வந்து நிக்குது என்று சிரித்தார். மறுநாள் கூடையில் பதினைந்து சீட்டும் இருந்தன. செல்வாம்பாள் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை, சீட்டு வந்தது எனக்குப் போதும்.

பலராமா, கடைக் கோபம் இத்தோடு தீர்ந்தது. மற்றது தீரவில்லை. உன் கடிதத்தின் கடைசி வரியை நான் அம்மாவிடம் மறைத்துத்தான் படித்துக் காட்டினேன். அவள் கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டித் தானே படித்துவிட்டாள். அன்றையிலிருந்து தபால்காரர் வருகிற நேரத்துக்குச் சன்னலில் வந்து நிற்கிறாள். கேட்டால் பஸ் பார்க்கிறேன் என்கிறாள், பதினொரு மணிக்கு ஏது பஸ்? பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சி என்று ஒரு வரி எழுதிப் போட உனக்கு என்ன கேடு வந்தது? நேரம் கிடைக்கும்போது நாலு பக்கம் எழுதலாம் என்று வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. நாலு பக்கம் யாருக்கடா வேண்டும். உலை கொதிக்கிறது இங்கே. அரிசியை முதல் பஸ்ஸில் ஏற்று, சோப்பு பிறகு வரட்டும்.

இந்தக் கடிதம் கண்டதும் தந்தி கொடு. மருமகளுக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசிகள், உனக்கும்தான், கோபமாக இருந்தாலும் அதை எப்படிக் கொடுக்காமல் இருப்பது. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். அம்மா மிளகாய்த்தூளும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள், பாப்பா சேதி வந்த பிறகுதான் அனுப்புவாளாம். மறக்காதே, ஒரு வரி.

உன் அப்பா,
மா. சின்னக்கண்ணு

அம்மா இங்கே பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுகிறாள்: ஜெயம்