குழாயை மூடாத பையன்

ஆகஸ்ட் 4

மாடியில் குடியிருக்கும் மாணவனின் தாயாருக்கு,

கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரன் எழுதுவது. உங்களை நான் பார்த்ததில்லை. வாடகை ஒப்பந்தத்தில் ஜாமீன் என்ற இடத்தில் நீங்கள் போட்டு அனுப்பிய கையெழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரே இரைச்சல். நீங்கள் "யாரு, யாரு" என்றீர்கள். நான் தொண்டை கிழியக் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். உங்கள் மகன் காலையில் குழாயைத் திறந்து பார்க்கிறான், தண்ணீர் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்விடுகிறான். பிறகு தண்ணீர் வருகிறது. மாடியில் குளம், எங்கள் கூடத்தில் மழை. நேற்று என் மனைவி டிவிக்குக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டால் "மறந்துட்டேன் சார்" என்று தலையைச் சொறிகிறான்.

சுவரில் ஆணி அடிக்காதே என்றேன். பசை போட்டுப் படம் ஒட்டினான். படத்தை எடுத்தபோது சுண்ணாம்பும் கூடவே வந்துவிட்டது. பைக்கை வாசலுக்குக் குறுக்கே நிறுத்துகிறான். ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக உழைத்துக் கட்டிய மாடி இது. படிக்கிற பிள்ளைகளுக்கு விட்டால் தொல்லை இருக்காது என்று சொன்னார்கள். சொன்னவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பெற்றவள் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான். இப்படியே போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 16

மதிப்பிற்குரிய வீட்டுக்கார ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் மழை பெய்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்த இயந்திரங்களோடு இருந்து இருந்து காது மந்தமாகிவிட்டது. போனில் யார் பேசினாலும் எனக்குக் கொதிக்கிற பானைச் சத்தம்தான்.

அதனால் மகனும் பேசுவதில்லை. "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்று செய்தி அனுப்புவான், அவ்வளவுதான். போன விடுமுறைக்கும் ஊருக்கு வரவில்லை. பகுதி நேர வேலை கிடைத்துவிட்டது, இனி பணம் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவன் எப்படி இருக்கிறான் என்று எனக்கு எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து எடுத்துப் படித்தேன். தலையைச் சொறிகிறான் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பைக் யாருடையது என்று தெரியவில்லை. நண்பனுடையதாக இருக்கும். குழாயைப் பற்றிக் கண்டித்துச் செய்தி அனுப்பினேன். "சரிம்மா, சொல்லிடறேன்" என்று பதில் வந்தது. யாரிடம் சொல்லப் போகிறானோ, குழாயிடமோ.

தகப்பன் இல்லாத பிள்ளை ஐயா. நன்றாக அதட்டுங்கள், எனக்கு வருத்தமில்லை. காலி செய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் இஞ்சினியர் ஆகப் போகிறான் என்று இங்கே வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

அன்புடன்,
அவன் அம்மா


அக்டோபர் 2

அம்மாவுக்கு,

நலம். நீங்கள் அதட்டச் சொன்னீர்கள், அதட்டினேன். பலன் இல்லை. குழாய்க்குப் பக்கத்தில் "மூடு" என்று அட்டையில் எழுதி மாட்டினேன். குளியலறைக் கதவை மூடிவிட்டுப் போயிருக்கிறான்.

மாடிப்படி செருப்புக்கடை மாதிரி ஆகிவிட்டது. எத்தனை பேர் மேலே இருக்கிறார்கள் என்று செருப்பை எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தெருநாய் ஒன்றைத் தூக்கி வந்து எங்கள் வாளியில் குளிப்பாட்டினான். குளிக்கும்போது பாட்டு வேறு. அந்தக் குரலுக்கு நாய் தேவலை.

இவ்வளவுக்கும் நடுவில் என் மனைவி கட்சி மாறிவிட்டாள். உங்கள் மகன் வளர்த்தியாக இருப்பதால் நாங்கள் நெட்டையன் என்றுதான் சொல்வோம். மாடிக் கதவு நிலை அவன் நெற்றிக்குச் சரியாக வருகிறது. தினமும் இடித்துக்கொள்கிறான். இவள் பழைய தலையணை ஒன்றை நிலையில் வைத்துக் கட்டியிருக்கிறாள். வீடு பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். "யாரு வரப் போறா, அவன் எங்க போகப் போறான்" என்கிறாள்.

அடுத்த வருட ஒப்பந்தம் டிசம்பரில் போட வேண்டும். போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். புத்தி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரன்


அக்டோபர் 15

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை என்னோடு வேலை செய்கிறவளிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். சிரித்தோம். நெட்டையன் என்ற இடம் வந்ததும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உன் பிள்ளையா நெட்டை?" என்று கேட்டாள்.

என் மகன் என் காதுக்கு மேல் வந்ததில்லை அண்ணா. நானே உயரமில்லை. ஒரு வருடத்தில் வளர்ந்திருப்பான் என்று சொன்னேன். வளரலாம்தானே. ஆனால் அவன் நாயைக் கண்டால் தெரு மாறிப் போகிறவன். பாடுவதும் இல்லை. வீட்டில் அவன் இருக்கிறானா என்று தேடிப் பார்க்க வேண்டும், அப்படி இருப்பான். குழாய் சொட்டினால் எழுந்து போய் மூடுகிறவன் அவன்தான். எனக்குத்தான் அந்தச் சத்தம் கேட்காது.

முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு என்று கேட்டேன். போனில் கேமரா கெட்டுவிட்டது என்கிறான். என்னிடம் இருக்கிற ஒரு படத்தை இதோடு வைத்திருக்கிறேன். இவன்தானே மாடியில் இருக்கிறான்? ஆமாம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள்
தங்கை


அக்டோபர் 24

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்ட வரியை என்னால் எழுத முடியவில்லை. படத்தில் இருப்பவன் மாடியில் இருப்பவன் இல்லை.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். குடிவந்த அன்று நான்கு பையன்கள் பெட்டி, கட்டில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒப்பந்தமெல்லாம் தரகர் மூலம்தான் முடிந்தது, அவர் கொடுத்த அடையாள அட்டை ஜெராக்ஸில் முகம் கரியாக இருந்தது. மறுநாள் உங்கள் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "வரேன் சார்" என்று நெட்டையன் இறங்கி வந்தான். நானும் அவன்தான் என்று இருந்துவிட்டேன். உங்கள் படத்தில் இருக்கும் கண்ணாடி போட்ட பையனை அந்த முதல் நாள் மட்டும் பார்த்திருக்கிறேன். கட்டிலின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டு வந்தான். "தண்ணி எத்தனை மணிக்கு சார் வரும்?" என்று கேட்டான். இதுவரை என்னிடம் அதைக் கேட்ட ஒரே குடித்தனக்காரன் அவன்தான். சாமான் தூக்க வந்த நண்பன் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன். நெட்டையன் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டான். "அவன் நல்லா இருக்கான் சார். எங்கன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றான். போலீசுக்குப் போவேன் என்று மிரட்டினேன். அழுதான், ஆனால் சொல்லவில்லை.

நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

அண்ணன்


நவம்பர் 1

அண்ணனுக்கு,

இன்னொருத்தி பிள்ளையின் சேட்டையைப் படித்துப் படித்து நான் இத்தனை மாதம் மகிழ்ந்திருக்கிறேன். என் பிள்ளை எங்கே படுத்திருக்கிறான் என்றுகூடத் தெரியாமல்.

அந்தப் பையனை வெளியே அனுப்புங்கள். என் கையெழுத்தின் நிழலில் அவன் இருக்க வேண்டாம். போவதற்கு முன்னால் என் மகன் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகட்டும். மகனிடம் கேட்டேன், செய்தியைப் பார்த்ததாகக் காட்டுகிறது, பதில் இல்லை. இந்தக் கடிதத்தை அவனிடமே படிக்கக் கொடுங்கள். அவனுக்கும் அம்மா என்று ஒருத்தி இருப்பாள் அல்லவா, பிள்ளை எங்கே என்று தெரியாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவளைக் கேட்கட்டும்.

தங்கை


நவம்பர் 9

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். படித்து முடித்தவன் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பேனா கேட்டான். உங்கள் மகன் இருக்கும் முகவரியை அவன் கையாலேயே எழுதியிருக்கிறான், உள்ளே இருக்கிறது. வேறு ஊரில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிறானாம். படிப்பு அவனுக்கு ஏறவில்லை. முதல் பரீட்சைக்கு முன்பே கல்லூரியை விட்டுவிட்டான். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைத் தள்ளி, தள்ளி, பிறகு சொல்லவே முடியாமல் போய்விட்டது.

நெட்டையன் கதையையும் எழுதிவிடுகிறேன். அம்மா இல்லை. தகப்பனுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது, போனை எடுப்பதில்லை. வீடு தேடி அலைந்திருக்கிறான். எல்லா இடத்திலும் "பெத்தவங்க வந்து கையெழுத்துப் போடட்டும்" என்ற ஒரே பதில். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், பொய் சொல்லவில்லை. சாமான் இறக்கிய அன்றே உங்கள் மகன் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, "நீ என் பேர்ல இருந்துக்கோ, எங்கம்மா கையெழுத்து சும்மாதானே கெடக்கு" என்றானாம்.

நீங்கள் சொன்னபடி மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டேன். "சரி சார்" என்றான். ஏமாற்றியவனை வைத்துக்கொள்ள எனக்கும் மனமில்லை. ஆனால் அன்றிலிருந்து என் மனைவி என்னோடு பேசுவதில்லை. மாடியிலும் பாட்டு இல்லை. குழாய் ஒழுங்காக மூடியிருக்கிறது. வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

அண்ணன்


நவம்பர் 26

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கிடங்கு வாசலில் நிற்க வைத்தார்கள். சட்டையெல்லாம் பார்சல் ஒட்டுகிற நாடா ஒட்டிக்கொண்டு வந்தான். இளைத்திருக்கிறான். உயரமும் கூடவில்லை, என் காது அளவுதான்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "நீ சந்தோஷமா இருந்தியேம்மா" என்றான். எனக்குக் கேட்க வேண்டும் என்று கத்திச் சொன்னான். அங்கே நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உடனே வெட்கப்பட்டுக் குரலைக் குறைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு நிறைய நேரம் பேசினான் அண்ணா. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கத்தச் சொல்ல மனம் வரவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வாடா என்றேன். இப்போது இல்லை என்று கையைக் காட்டினான். ஒன்று மட்டும் கேட்கும்படி சொன்னான். "அவனைத் தொரத்தாதம்மா. அவன் என் பேரை எடுக்கல, நான்தான் குடுத்தேன்."

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சலவைக்கூடத்தில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்கிறார்கள், நாய் குளிப்பாட்டிய கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

மாதம் முடிய நாள் இருக்கிறது. அவனைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். போன கடிதத்தில் அம்மாவைக் கேட்கட்டும் என்று எழுதிவிட்டேன், அது எனக்கு உறுத்துகிறது. புது ஒப்பந்தத்தாள் ஒன்றை இங்கேயே கடையில் வாங்கி, ஜாமீன் இடத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை அவன் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உறவு என்று கேட்டிருக்கும் இடத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லை, காலியாக விட்டிருக்கிறேன். அவன் கையாலேயே நிரப்பட்டும்.

மகனின் படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். என்றைக்காவது உங்கள் வாசலுக்கு வந்து நின்றால் இந்த முறை அடையாளம் தெரிய வேண்டும். தலையணையை அவிழ்க்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். நெட்டையனிடம் குழாயை மூடச் சொன்னேன் என்று சொல்லுங்கள். மூடாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

உங்கள்
தங்கை