உனக்கு வந்த போனை நான் எடுத்த அன்று

இண்டூர்,
9.2.2025, ஞாயிறு

அன்பு மகள் பாரதிக்கு அம்மா எழுதுவது. அங்கே புனேவில் உனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொள்கிறேன், இங்கே நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குக் குறைந்திருக்கிறது, மாத்திரையை விட்டுவிட்டு எண்ணெய் மட்டும் தேய்த்துக்கொள்கிறார், சொன்னால் கேட்பதில்லை. கொட்டகையில் இந்த முறை பட்டுப்புழு நன்றாகக் கூடு கட்டியிருக்கிறது, புதன்கிழமை தர்மபுரி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகிறார். செவலைப் பசு கன்று போட்டது, கிடாரி. மாமரம் இரண்டும் பூத்திருக்கின்றன, போன வாரப் பனியில் பாதி கொட்டிவிட்டது. அங்கன்வாடிக்குப் புதிதாக ஏழு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி என் முந்தானையை விடுவதே இல்லை, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மற்றவர்களுக்கு எடை பார்க்கிறேன்.

தினம் போனில் பேசுகிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்லிப் பார்க்கலாம் என்று மூன்று நாளாக முயன்றேன் கண்ணு, முடியவில்லை. உன் குரல் கொஞ்சம் மாறினாலும் நான் பயந்து பாதியில் வேறு ஏதாவது சொல்லி முடித்துவிடுவேன். எழுதினால் அப்படி ஓட முடியாது.

போன செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டு, ஒரு லேப்டாப் வாங்க வேண்டும், எது வாங்குவது என்று குழப்பமாக இருக்கிறது என்றாய். கம்பெனி கொடுத்தது இருக்கிறதே என்று கேட்டேன். அதைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. உன் குழுவையே கலைத்துவிட்டார்கள், இரண்டு மாதம் வேலை இல்லாமல் உட்கார வைத்துவிட்டு ஜனவரியில் அனுப்பிவிட்டார்கள், பொங்கலுக்கு வந்தபோதே உனக்குத் தெரியும், எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் போய்விட்டாய். அதற்காக நான் உன்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, மறைப்பதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. "பத்து வருஷமா ஒரே இன்சூரன்ஸ் கம்பெனியோட பழைய சாப்ட்வேரைத்தான்மா ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்தேன், வெளிய இன்டர்வியூல கேக்கறது ஒண்ணும் எனக்குத் தெரியல, சின்னப் பசங்க எல்லாம் பதில் சொல்றாங்க, நான் முழிக்கிறேன்" என்றாய். அப்புறம் ஒன்று சொன்னாய். "அப்பவே பிரியா கூடப் போயிருந்தா எல்லாம் கத்துக்கிட்டிருப்பேன். அவதான் கூப்பிடறேன்னு சொல்லிட்டு கூப்பிடாமயே விட்டுட்டா." உடனே நான் குக்கர் விசில் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்தேனே, அன்று அடுப்பில் குக்கரே இல்லை பாரதி.

பிரியதர்ஷினி கூப்பிட்டாள். 2019 பொங்கலுக்கு நீ வந்திருந்தாய், கரிநாள் அன்று காலையில் நீ தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாய், போன் அரிசிப் பானை மேல் கிடந்தது. பெயரைப் பார்த்துவிட்டு நான்தான் எடுத்தேன். சேலத்தில் ஹாஸ்டலில் நாலு வருஷம் உன்னோடு ஒரே அறையில் இருந்த பெண், என்னை அம்மா என்று கூப்பிடுகிறவள், அன்று அவ்வளவு சந்தோஷமாகப் பேசினாள். பெங்களூரில் ஆறு பேர் சேர்ந்து ஆரம்பிக்கிற கம்பெனிக்கு ஆள் எடுப்பது உறுதியாகிவிட்டது, பாரதி ஒரு வார்த்தை சரி என்றால் போதும், அவளுக்கு இடம் வைத்திருக்கிறேன் என்றாள். அந்த வாரம்தான் அரூர்க்காரர்கள் உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன்பு ஜாதகம் கொடுக்கப் போனபோது மாப்பிள்ளையின் அப்பா முதலில் கேட்டதே பெண் எந்தக் கம்பெனி என்றுதான், நான் உன் கம்பெனி பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருந்தேன். இவள் சொல்கிற ஆறு பேர் கம்பெனியின் பெயரை நான் யாரிடம் போய்ச் சொல்வது என்று தோன்றியது. அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாரதி வரலைன்னு சொல்லிட்டா பிரியா. உங்கிட்ட நேரா சொல்லச் சங்கடமா இருக்குதுன்னு என்னைச் சொல்லச் சொன்னா. அவளுக்கு கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம். இனிமே இதுக்காக அவளைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாத சாமி." அவள் சரிங்கம்மா என்று வைத்துவிட்டாள். அதோடு விட்டேனா, அவள் கூப்பிட்டது போனில் தெரியாதபடி அழித்தும் விட்டேன். அங்கன்வாடிக்கு அரசாங்கத்தில் போன் கொடுத்த புதிது அது, தப்பாக நம்பர் போட்டால் அதை எப்படி அழிப்பது என்று அதற்கு முந்தின நாள்தான் நீ எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தாய். நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்து யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டாய், இல்லை என்றேன். அந்த வாரம் முழுக்க நீ போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாய். நீயே கூப்பிட்டுப் பாரேன் என்று அப்பா சொன்னதற்கு, கூப்பிடறேன்னு சொன்னவ கூப்பிடலைன்னா நானா போய் கெஞ்சணுமா என்று எரிந்து விழுந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

அரூர்க்காரர்கள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், இரண்டு மாதத்தில் வேறு பெண்ணை முடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு நீ கல்யாணப் பேச்சையே எடுக்காதே என்றுவிட்டாய். அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லலாம் சொல்லலாம் என்று ஒரு வருஷம் போயிற்று, கொரோனா வந்தது, அந்த நேரத்தில் உன் வேலை போகாமல் இருந்ததைப் பார்த்து நான் செய்ததுதான் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு அதை நினைப்பதையே விட்டுவிட்டேன். நீ செவ்வாய்க்கிழமை அவள் பெயரைச் சொல்கிறவரை அது மறந்துபோன விஷயம் போலத்தான் இருந்தது.

புதன்கிழமை காலையில் புழுவுக்கு முசுக்கொட்டை இலை பறிக்கும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் பறிப்பதை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "ஆறு வருஷம் ஒரே வூட்ல இருந்துக்கிட்டு எங்கிட்டகூடச் சொல்லாம இருந்திருக்கியே. எங்கிட்டச் சொல்லி இப்ப என்ன ஆவுது. புள்ளைகிட்டச் சொல்லு. அதுக்கு முன்னால அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லு" என்றார். அன்றைக்கு மதியம் அவரே தட்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பிரியா மொரப்பூரில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மொரப்பூர் அங்கன்வாடி டீச்சர் ராஜாமணி மாதக் கூட்டத்தில் சொன்னாள், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஆண் குழந்தை, இரண்டு மாதம் ஆகிறது என்று. நேற்று சனிக்கிழமை தர்மபுரி போய் மொரப்பூர் பஸ் பிடித்தேன். ரயிலடிக்குப் பின்னால் வீடு. கதவைத் திறந்த பிரியா என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள், பிறகு வாங்கம்மா என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவள் அம்மா காபி கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் பின்னால் போய்விட்டார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், நல்ல எடை, கழுத்து நிற்க ஆரம்பித்திருக்கிறது. வந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாரதி ஒரு லேப்டாப் வாங்கணுமாம், எது நல்லது என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் எப்படி மாறியது தெரியுமா. "பாரதி கேக்கச் சொன்னாளாம்மா?" என்றாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் உடனே தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கிவிட்டாள், எனக்குப் புரிந்தவரை அங்கன்வாடி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ரேம் பதினாறு ஜிபிக்குக் கீழே வேண்டவே வேண்டாமாம், சில லேப்டாப்பில் அதைப் பிறகு கூட்ட முடியாதபடி உள்ளேயே ஒட்டிவிடுகிறார்களாம், அதனால் வாங்கும்போதே கூட்ட முடியுமா என்று கேட்டுவிட வேண்டும். கடைக்காரன் எடுத்துக் காட்டுவானாம், கேம் ஆடுகிற பிள்ளைகள் வாங்குகிற லேப்டாப், அது உன் வேலைக்குத் தேவையில்லை, கனம், சூடு ஆகும், பேட்டரி நிற்காது. கடையில் பத்து நிமிஷம் நின்று டைப் அடித்துப் பார்க்க வேண்டும், கீபோர்டு கைக்கு ஒத்து வராவிட்டால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். "லேப்டாப் பாத்துக்கிட்டே ஒரு மாசம் ஓட்டிருவா அவ, எனக்குத் தெரியும், படிக்கத் தொடங்கறதுக்குப் பயந்தா இப்படித்தான் பண்ணுவா" என்று சிரித்தாள்.

அப்புறம் அவளாகவே கற்றுக்கொள்வதைப் பற்றியும் சொன்னாள். நீ நாலு வகுப்புக்குப் பணம் கட்டி நாலையும் பாதியில் விடக் கூடாதாம். ஜாவா தெரிந்தவளுக்குப் பைத்தான் கஷ்டமில்லை, இரண்டு வாரத்தில் கைக்கு வரும் என்றாள், மலைப்பாம்பின் பெயரை எதற்கு வைத்தார்களோ. வீடியோ பார்த்துக்கொண்டே இருந்தால் தெரிந்த மாதிரிதான் இருக்கும், சின்னதாக ஒரு சாப்ட்வேரை எடுத்து முதலிலிருந்து கடைசி வரைக்கும் நீயே கட்டி, வேறு ஒருத்தர் உபயோகிக்கிற மாதிரி வெளியே கொண்டுவர வேண்டும், அதற்குள் தெரியாதது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நிற்கும், அப்போது கற்றுக்கொண்டால் மறக்காது என்றாள். பழைய சாப்ட்வேரைப் பத்து வருஷம் உடையாமல் ஓட்டியவளுக்கு மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியும், அது சின்னப் பிள்ளைகளுக்கு வராது, அதை இன்டர்வியூவில் வெட்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கள் என்றாள். உன்னைப் பற்றிப் பேசும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை கண்ணு. குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. லேப்டாப்பை மெதுவாக மூடி வைத்தாள். "நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்தவ, என் மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்ல முடியாம அம்மாகிட்டச் சொல்லிவிட்டாளேன்னு நெனச்சுத்தாங்க நான் என் கல்யாணத்துக்குக்கூட அவளைக் கூப்பிடல. எங்கம்மா எத்தனை தடவை சொன்னாங்க, நான்தான் பத்திரிகை அனுப்பல" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் கையை எடுத்துக்கொண்டாள். அந்த ஆறு பேர் கம்பெனியில் இப்போது நாற்பது பேர் வேலை செய்கிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்றோ, இப்போது பாரதிக்கு அங்கே ஒரு இடம் பார்க்க முடியுமா என்று கேட்டுவிட்டேன். பிரியா என்னை நேராகப் பார்த்தாள். "மறுபடியும் அவளுக்காக நீங்க பேசறீங்களேம்மா" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவளும் வாசல் வரைக்கும் வந்தாள், குழந்தை அழுதுகொண்டிருந்தது. நான் செருப்புப் போடும்போது, "அவளா கூப்பிட்டா நான் பேசறேன், நீங்க சொன்னீங்கன்னு கூப்பிட வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். நம்பர் கொடு சாமி என்று நோட்டை நீட்டினேன். "அதே நம்பர்தாங்க. நான் மாத்தவே இல்ல" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வேலை போனதற்கு நான்தான் காரணம் என்று நீ நினைக்க மாட்டாய் என்று தெரியும், பிரியாவோடு போயிருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ யாருக்குத் தெரியும். ஆனால் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் நீ. அதை நான் எடுத்துக்கொண்டேன், ஒரு சிநேகிதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். மன்னித்துவிடு என்று எழுதி உன்னை அவசரப்படுத்த மாட்டேன். கோபம் இருந்தால் கோபமாகவே இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. அப்பாவிடம் மட்டும் பேசு, அவர் இதில் எதுவும் செய்யவில்லை. வாடகைக்கு வேண்டுமென்றால் கேள், சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதே. நோட்டில் எழுதிய பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருக்கும், உனக்குப் புரியும். வேண்டாமென்றால் தூக்கிப் போட்டுவிடு, லேப்டாப் உன் விருப்பம்.

நீ நினைக்கிறபடி எல்லாம் உனக்கு நடக்கட்டும், தீர்க்காயுசாக இரு. பிரியாவைக் கூப்பிட்டாயா, என்ன பேசினாய் என்று நான் இனி ஒருநாளும் கேட்க மாட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன், அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடு கண்ணு.

உன் அம்மா
மா. சுகுணா