மிதுனுக்காக நான் கேட்ட மன்னிப்பு

ரவுண்ட் ராக், அமெரிக்கா

அன்புள்ள சுகந்திக்கு,

ஊரில் உன் அப்பாவுக்கு, மாமாவுக்கு, கால் கட்டைப் பிரித்தாகிவிட்டதா? நடக்க அவசரப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே நானும் கடையும் நலம்.

நம் பிள்ளை மிதுன் ஆட்டத்தைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. கடைசியில் அவன் உதைத்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பி, காலேஜ் டீம் தோற்றுவிட்டது. நெட்டில் ஆளாளுக்குத் திட்டினார்கள். இப்போதெல்லாம் இங்கே காலேஜே ஆடக் காசு கொடுக்கிறது; காசு வாங்கி ஆடுகிறவன் பேச்சும் கேட்கத்தான் வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். மளிகைப் புகாருக்குப் பதில் போடுவதுபோல, நம் கடைப் பெயரிலேயே எல்லோருக்கும் "தவறுக்கு வருந்துகிறோம், அடுத்த முறை சரியாக இருக்கும்" என்று இங்கிலீஷில் எழுதினேன். "செத்துப் போ" என்று எழுதியவனுக்கும், படித்துப் பார்க்காமல், அதே பதில்.

மிதுன் கூப்பிட்டான். "அப்பா, டிட் யூ சே சாரி டு தட் கை?" என்றான், அந்தச் "செத்துப் போ" ஆளைச் சொல்லி. அப்புறம் தமிழில், "நான் என்ன உங்க கடை அரிசியா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டான்.

அரிசியில் கல் கிடந்தபோதுகூட என்னை யாரும் சாகச் சொன்னதில்லை, சுகந்தி. பந்து தப்பியதைச் சொல்லட்டும். பத்தொன்பது வயசுப் பிள்ளையை அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

சனிக்கிழமை வருவான் என்று ஆட்டிய மாவு புளித்துவிட்டது. வரும்போது பருப்புப்பொடி கொண்டு வா, அவனுக்கும் சேர்த்து.

அவன் என் போனை எடுப்பதில்லை. நீ கூப்பிட்டுச் சாப்பிட்டானா என்று கேள். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள், முடிக்கிறேன். அப்பா அந்த மன்னிப்பையெல்லாம் அழித்துவிட்டார் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடு.

பழனிவேல்