நாற்பது நிமிடத் தோடி

மாமி,

இன்று காலை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வானொலியில் அந்தத் தோடிக் கீர்த்தனை தொடங்கியது. யாரோ பெரிய வித்துவான். முதல் இழுப்பிலேயே என் கை நின்றுவிட்டது. சிரிப்பு வந்தது. திரும்பி உங்களைத் தேடினேன். நீங்கள் போய் இரண்டு வருசமாகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வெள்ளைக்காரக் கப்பற்படை துறைமுகத்தை விட்டுப் போன வருசம்தான் நான் பாலையூற்றில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகனுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. நான் சைவப் பிள்ளை, சங்கீத வாத்தியாரின் ஒரே மகள். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரரைப் பதிவுத் திருமணம் செய்ததற்காக அப்பா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். பிறகு பள்ளிக்கூடத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பங்குச் சுவாமியார் வீட்டுக்கு வந்தார். நீங்கள் என்னை அழைத்து, "பிள்ளை, உம்மட பெரிய பாட்டை சுவாமிக்குப் பாடிக் காட்டும்" என்றீர்கள். பெரிய பாட்டு என்றால் அப்பாவின் வீட்டில் அந்தத் தோடி ஒன்றுதான். பாடினேன். ராகம், கீர்த்தனை, ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவது, சுரம் என்று எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். சுவாமியாரின் தேநீர் ஆறிப் பாலாடை கட்டியது. நீங்கள் மட்டும் கதிரை நுனியில் அசையாமல் இருந்து கேட்டீர்கள்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அதுதான். நிலாவெளிச் சொந்தக்காரர்கள் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டு கேட்டார்கள். கந்தளாயிலிருந்து நெல் மூட்டையோடு வந்த உங்கள் தம்பி சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். முடிந்ததும் எல்லோரும், "அருமை, அருமை" என்பார்கள்.

எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது மாமி. ஒன்பது வயதிலிருந்து பிடிக்காது. அப்பா விடியற்காலையில் எழுப்பி, அதன் ஒரு வரியை மட்டும் மூன்று மாதம் பாடவைத்தார். "இதைப் பாடினால்தான் பாட்டுக்காரி" என்பார். கீர்த்தனைகளுக்கெல்லாம் அதுதான் அரசன் என்று ஊரே சொன்னது. எனக்கோ அது, போகப்போகிறேன் போகப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் படலையடியிலேயே நிற்கும் விருந்தாளி மாதிரி இருந்தது. குறை என் காதில்தான் என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்தேன். உங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். பெற்றவர் கைவிட்ட என்னைச் சேர்த்துக்கொண்டவர் நீங்கள். நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்கும் ஒரே பாட்டை எப்படி மறுப்பது?

நான்காவது வருசம் களஞ்சியத்தின் மேலதிகாரி குடும்பத்தோடு சாப்பிட வந்த நாளில்தான் அந்த மௌனம் உடைந்தது. மீன் பொரித்துக்கொண்டிருந்த நீங்கள், "சாப்பாட்டுக்கு முதல் பாடும், என்ன?" என்றீர்கள். என் கண் கலங்கிவிட்டது.

"ஏலாது மாமி."

"ஏன், தொண்டை நோவோ?"

"இல்லை. எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. சின்னனிலேயிருந்து பிடிக்காது. தொடங்கவே எரிச்சல் வருது."

நீங்கள் அகப்பையை வைத்துவிட்டுக் குசினிக் கதவைச் சாத்தினீர்கள். பயந்துபோனேன்.

"மெய்யே பிள்ளை?"

"ஓம்."

அப்படியே வாங்கில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தீர்கள்.

"நாலு வருசம்! அது தொடங்கினா எனக்குத் தலையிடிக்கும் பிள்ளை. எப்ப முடியும் எண்டு மனசுக்குள்ள அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருப்பன். தாய்தகப்பனை விட்டிட்டு வந்த பிள்ளை, அவளின்ட பாட்டுக்காவது இந்த வீட்டில மரியாதை இருக்கோணும் எண்டுதான் கேட்டனான்."

நானும் சிரித்தேன். மீன் கருகியது. பிறகு நீங்கள் கேட்டீர்கள்: "அப்ப உமக்கு எது பிடிக்கும்?"

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கச்சேரியின் கடைசியில் பாடும் ஒரு சின்னப் பாட்டைச் சொன்னேன். சிந்துபைரவியில், மூன்றே நிமிடம். அப்பா அப்படிப்பட்டவற்றைச் சில்லறை என்பார். அன்று அதைத்தான் பாடினேன். மேலதிகாரியின் மனைவி இன்னொரு முறை பாடச் சொன்னார்.

மூத்தவனுக்கு ஐந்து வயதானபோது, பேரனைப் பார்க்கவென்று அப்பா முதன்முதலாக வந்தார். முன் கதிரையில் குடையை முழங்காலுக்கிடையில் பிடித்தபடி இருந்தார். சுகம் விசாரித்து முடிந்ததும், "எங்கே, அந்தத் தோடியைப் பாடு பாப்பம். மறந்திட்டியோ?" என்றார்.

பாடினால் மறுபடியும் அந்த ஒன்பது வயதுப் பிள்ளை. மறுத்தால், வேதக்கார வீட்டில் சங்கீதம் கெட்டுப்போயிற்று என்று எழுந்து போய்விடுவார். ஒன்பது வருசத்துக்குப் பிறகு வந்த மனிதர்.

அப்போது நீங்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள்.

"மாஸ்டர், குறை நினையாதேங்கோ. அந்தப் பாட்டு என்ட காதுக்கு ஏலாது. இந்த வீட்டில அதைப் பாட வேண்டாமெண்டு நான்தான் சொன்னனான்."

"ஏலாதோ? அது எப்பேர்ப்பட்ட..."

"தெரியும், பெரிய பாட்டு. எனக்கு ஞானம் காணாது. பிள்ளை வேற ஒண்டு பாடட்டும்."

அப்பா குடையை நிமிர்த்தினார். எழப்போகிறார் என்று நினைத்தேன். நீங்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். அந்தச் சின்னப் பாட்டைத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் அப்பாவின் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது.

முடிந்ததும், "இதை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை அப்பா. கிணத்தடியில குளிக்கேக்க நீங்கள் பாடுறனீங்கள்."

அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "திருப்பிப் பாடு" என்றார். இந்த முறை அவரும் சேர்ந்து பாடினார். குரல் உடைந்திருந்தது. நீங்கள் சத்தமில்லாமல் பேரனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனீர்கள்.

அதற்குப் பிறகு அப்பா மாதம் தவறாமல் கடிதம் எழுதினார். "உன் மாமியாருக்குச் சங்கீத ஞானம் துளியும் இல்லை, ஆனால் தங்கமான மனிசி" என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி இருக்கும். மாதா கோயிலில் பாடுகிறவர்களில் ஒருவர் சுருதி விலகினாலே தலையைச் சாய்க்கும் உங்களைப் பற்றித்தான் அப்படி எழுதினார்! எனக்குக் கோபம் வரும். "எழுதட்டும் பிள்ளை. அவருக்கு ஆரிலாவது கோபிக்கோணும். அது என்னில இருக்கட்டும்" என்பீர்கள். அப்பா அப்படியே நம்பிக் கண்ணை மூடினார். நானும் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. அந்தப் பேரை நீங்கள் எனக்காகவே வைத்துக்கொண்டீர்கள். உயிரோடு இருந்தபோது அதற்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை மாமி. இப்போது சொல்கிறேன்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் சங்கீதம் தெரிந்த நாலு பேர் அந்தக் கீர்த்தனையைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்றார்.

"எனக்கு அது பிடிக்கிறேல்லை. ஒருநாளும் பிடிச்சதில்லை" என்றேன்.

குரல் நடுங்கவில்லை. எல்லோரும் ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள். பிறகு பலகாரத் தட்டு வந்தது, கதை வேறெங்கோ போனது. அவ்வளவுதான் மாமி. வேறொன்றும் நடக்கவில்லை.