எரியாமல் தப்பிய கொப்பிகள்

இன்று காலை அலுவலகக் கணினி நின்றுவிட்டது. ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகள் இடத்தை நிரப்பிவிட்டனவாம். "பழசுகளை அழிச்சுவிடவா?" என்று கேட்டார் புதிதாக வந்தவர். வேண்டாம் என்று நான் போட்ட சத்தத்தில் திடுக்கிட்டுப் போனார். பிரதியெடுத்து, சரிபார்த்து, அதன்பிறகே பழையவற்றை அழித்தோம். வேலை முடியும்வரை உம்மைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுவில், மல்லாவிப் பக்கத்துக் காணிக் கந்தோரில் நாம் இருவரும் எழுதுவினைஞர்கள். ஒரே மேசை, எதிரெதிர்க் கதிரைகள். காணி கைமாறினால் முதலில் நாட்கொப்பியில் எழுதுவோம். பிறகே பெரிய பதிவேட்டில் ஏற்றுவோம். கொப்பி நிரம்பினால் இலக்கமிட்டு அலுமாரியில் வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவீர். பதிவேட்டின் பிரதி ஆண்டுக்கொருமுறை வவுனியாவுக்குப் போகும். அதுவரை பழைய கொப்பிகளில் கைவைக்க விடமாட்டீர்.

ஒருநாள் அலுமாரியில் இடமில்லையென்று மேலதிகாரி அவற்றை எரிக்கச் சொன்னார். நான் மறுபேச்சில்லாமல் கொப்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். நெருப்புப்பெட்டியைத் திறந்தபோது ஓடிவந்து பறித்தீர்.

"உமக்கென்ன விசரே? பிரதி இன்னும் போகேல்லை."

"ஐயா ஏசுவார்."

"ஏசட்டும். நான் கதைக்கிறன்."

கதைத்தீர். நன்றாக ஏச்சு வாங்கிவிட்டு வந்து, சிரித்துக்கொண்டே எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தீர். கொப்பிகள் உமது கதிரையின் கீழ் ஒரு தகரப் பெட்டிக்குள் போயின.

அந்த மாரியில் கூரை ஒழுகி, பெரிய பதிவேடு கூழாகிவிட்டது. அடுத்த கிழமையே ஒருவர் வந்து, மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து குடியேறியிருந்த இராசம்மாவின் காணி தன்னுடையது என்றார். இராசம்மாவுக்குப் பத்திரம் இன்னும் கொடுபடவில்லை. "மறுபடி எங்கங்க போகச் சொல்றீங்க எங்கள?" என்று வாசலில் நின்று அழுதார்.

வவுனியாவிலிருந்து பழைய பிரதியை எடுப்பித்தீர். அதற்குப் பிந்திய கொப்பிகளை நான் வாசிக்க, நீர் புதிய பதிவேட்டில் எழுதினீர். அவசரத்தில் கடைசிக் கொப்பிக்குத் தாவப் பார்த்தேன்.

"வரிசையா வாசியும். ஒண்டை விட்டா எல்லாம் பிழைச்சிடும்."

மூன்றாம் நாள் அந்தக் காணி வந்தது. உரிமை கேட்டவரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. கீழே ஒப்பம் இல்லை.

"ஒப்பமில்லாட்டி அது நடக்கேல்லை. அடுத்ததை வாசியும்."

இரண்டு பக்கம் தள்ளி அதே காணிக்கு இராசம்மாவின் பெயர், மேலதிகாரியின் ஒப்பத்தோடு. நான் எரிக்கத் தூக்கிக்கொண்டு போன கட்டில் இருந்த கொப்பி அது.

நன்றி சொல்ல வந்த இராசம்மா, "கொப்பியெல்லாம் காப்பாத்தி வச்சது யாருங்க?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன்.

"நாங்கள் ரெண்டுபேருந்தான்" என்றீர்.

நீர் கண்மூடி ஒரு மாதமாகிறது. பின்வளவில் நடந்ததைக் கடைசிவரை நீர் எவருக்கும் சொல்லவில்லை, எனக்குக்கூட நினைவூட்டவில்லை. யாராவது பிழைவிட்டுவிட்டு என் முன்னால் நிற்கும்போது, ஏச வாயெடுப்பதற்குள் உமது அந்த 'ரெண்டுபேருந்தான்' வந்து என் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது.