பினாயில் குடித்த தொட்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் மாடுகளும் சுகம், உன் அம்மாவைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், அவள் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாளே.

நம் சாண எரிவாயு நின்றுபோய்விட்டது. நீ குட்டியை முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து அவள் வீட்டைத் துடைத்த துடைப்பில் சுவரே இளைத்துவிட்டது, அதோடு விட்டாளா, ஈ மொய்க்கும், பிள்ளைக்கு ஆகாது என்று மாட்டுக்கொட்டகையிலும் டப்பா டப்பாவாகப் பினாயிலை ஊற்றிக் கழுவினாள், கழுவிய தண்ணீர் அத்தனையும் வழக்கம்போல நேராகச் சாணத்தொட்டிக்குள் போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுடர் சுருங்கியது, அப்புறம் அடுப்பு பெருமூச்சுகூட விடவில்லை. தொட்டி கட்டிய மேஸ்திரி வந்து மோந்து பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அதுவும் ஒரு வயிறுதாம்மா, உள்ள இருக்கிற கிருமிதான் சாணத்தைச் செரிச்சு கேஸ் ஆக்குது, அதைக் கொன்னுட்டீங்களே" என்றார். பாதியை இறைத்துவிட்டுப் புதுச் சாணம் கரைத்து ஊற்றிக் காத்திருக்க வேண்டுமாம், எத்தனை நாள் என்று கேட்டால் வானத்தைப் பார்க்கிறார்.

நம் வீடு மட்டுமென்றால் பரவாயில்லை, இந்தத் தொட்டியிலிருந்து நான்கு வீட்டு அடுப்புக்குக் குழாய் போகிறதே. விறகு பொறுக்கும் நேரம் மிஞ்சியதால்தான் பக்கத்து வீட்டுத் தையல்காரி காலையிலேயே மிஷினில் உட்கார்ந்தாள், இப்போது மறுபடி அரிவாளோடு குன்றுக்குப் போகிறாள், அங்கே இப்போதுதான் செடிகள் தலையெடுத்திருந்தன. தொட்டியிலிருந்து வழியும் சாணக் குழம்பை ஊற்றி ஊற்றியே எல்லோர் தோட்டத்திலும் கத்தரி காய்த்துத் தள்ளியது, உர மூட்டையையே மறந்திருந்தோம், இப்போது அதையும் ஊற்றாதீர்கள் என்றுவிட்டார் மேஸ்திரி. யாரும் உன் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லித் தேறியிருப்பாள். சிலிண்டராவது வாங்கி வருகிறேன் என்றேன். "நாலு வீட்டு அடுப்பை அணைச்சவ நான், எனக்கு மட்டும் சிலிண்டரா" என்று விறகடுப்பின் முன் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பழைய இருமல் திரும்பிவிட்டது மகளே. கேஸ் வந்தபின் சமைக்கும்போது ஏதாவது முணுமுணுத்துப் பாடுவாள், சுருதி சேராது, நான் கிண்டல்கூடச் செய்வேன், இப்போது அடுப்படியில் இருமல்தான் கேட்கிறது. விறகை ஒளித்துவைத்தாலும் தேடி எடுத்துவிடுகிறாள். காலையில் எழுந்ததும் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு கேஸ் அடுப்பின் முன் நிற்கிறேன், விரல் சுடுகிறது, வேறொன்றும் நடப்பதில்லை.

புகையில் பிள்ளையைக் கிடத்தக் கூடாது, தொட்டி உயிர்பெறும்வரை வரவேண்டாமென்று எழுது என்கிறாள். யாருக்காகக் கழுவினாளோ அந்தப் பிள்ளையையே வரவேண்டாம் என்கிறாள், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வா என்று சொல்லப் புகை விடவில்லை, வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே யோசித்துச் சொல்.

குட்டியை நோய்நொடி அண்டாமல், உங்கள் வீட்டில் சிரிப்பு குறையாமல் இருக்கட்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. போனில் அம்மாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், வீட்டையெல்லாம் சுத்தம் செய்தாயா என்று மட்டும் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
தீப்பெட்டியும் கையுமாக நிற்கும் உன் அப்பா