ஐந்தருவிக்கு அனுப்பிய கணக்குப் பாடம்

பிரியமுள்ள அப்பா,

அன்று தலைவலி என்று சொன்னேன். பயம் என்று சொல்லவில்லை.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த வருடம். பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். நம் ஊர் இலஞ்சியில் பாதி வீடுகளுக்கு உங்கள் கேபிள்தான். உங்கள் உள்ளூர் சேனலில் காலையில் எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர் என்று ஓடும். பிறகு கோயில் கொடைவிழா, கல்யாண வீடியோ. "ஏட்டி, தெனம் பத்து நிமிசம் கேமரா முன்னால கணக்கு நடத்து. பிள்ளைய எல்லாம் சும்மா கெடக்குதுவ" என்றீர்கள். அத்தனை வீட்டிலும் என் முகம் தெரியும் என்று நினைத்ததுமே தலைவலி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் போய் மாத்திரை வாங்கி வந்தீர்கள். அதையும் விழுங்கினேன். மறுபடி நீங்கள் கேட்கவில்லை. அடுத்த மார்கழியில் நீங்களே இல்லை. அது பயம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா அப்பா?

இப்போது பல வீடுகளில் கேபிள் இல்லை, எல்லாம் நெட்டில்தான். அம்மாகூட விட்டுப்போன சீரியலை நினைத்த நேரத்தில் போட்டு, பாட்டு வந்தால் தள்ளிவிடுகிறாள். உங்களுக்கு இது வருத்தமாக இருக்காது. புது ரிமோட் எது வந்தாலும் முதலில் பிரித்துப் பார்ப்பவர் நீங்கள்தானே.

நான் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது தொடுதிரை. வட்டத்தை விரலால் வெட்டினால் கால் பங்கு தனியே நகர்ந்து வரும். "இன்னொரு தடவ டீச்சர்" என்று வகுப்பே கத்தும்.

ஆனால் போன வருடம் பின்னம் நடத்தியபோது, அந்த வகுப்புப் பிள்ளை இசக்கி அங்கே இல்லை. அவள் அம்மாவுக்கு அருவிச் சீசனில் ஐந்தருவிப் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. பள்ளி திறந்து சாரல் விழுந்ததும் இசக்கி கடைக்குப் போய்விடுவாள். திரும்பி வரும்போது பின்னங்கள் முடிந்திருக்கும். அதனால் பாடத்தைப் போனில் வீடியோவாகப் பதிந்து அவள் அம்மாவின் போனுக்கு அனுப்பினேன். நோட்டும் என் கையும் குரலும் மட்டும். கணக்குக்கு முகம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்குப் போனேன்.

"பாத்தியா இசக்கி?"

"பாத்தேன் டீச்சர். வளையல் நல்லாருக்கு."

"பாடம்?"

"அருவிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல டீச்சர்."

இலஞ்சியிலேயே பிறந்து வளர்ந்த நான், அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் குரலை அனுப்பியிருக்கிறேன். நீங்களாக இருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

"இயர்போன் மாட்டிக்கோயேன்" என்றேன்.

எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல் அவள் அம்மா சொன்னாள்: "அத மாட்டுனா வார ஆளு கூப்பிடுதது காதுல விழாது டீச்சர். கணக்கு வரலைன்னா விட்டுருங்க. வார வருசத்துலருந்து கடையிலயே இருக்கட்டும். பொட்டலம் போடத் தெரியுதுல்லா."

விளையாட்டாகச் சொல்லவில்லை அவள்.

எதிர்ப்புறம் டீக்கடை அண்ணாச்சி சத்தமில்லாமல் வாயசைத்தார். இசக்கி மூன்று விரலைக் காட்டினாள். மூன்று டீ வந்தது.

"இங்கன எல்லாரும் இப்பிடித்தான் டீச்சர் பேசிக்கிடுதோம். நீங்களும் வாயக் காட்டுங்களேன்" என்றாள் இசக்கி.

வாயைக் காட்டினால் முகமும் வருமே. வீட்டுக்கு வந்து ஐந்து முறை பதிந்து ஐந்தையும் அழித்தேன். ஆறாவது முறை அம்மா போனைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்சாப்ல வையி. பின்னம் என்ன எழவு வீடா?" என்றாள். சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடுதான் முதல் பாடம் போனது. அம்மா அதை டிவியில் பெரிதாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்கு என்ன வருது?" என்று கேட்டாள்.

ஒருநாள் காய்ச்சலில் பாடம் அனுப்பவில்லை. இசக்கியின் அம்மாவிடமிருந்து குரல் செய்தி: "டீச்சர், இன்னைக்கு வரலியே? டீக்கடை அண்ணாச்சி கேக்காவ." அடுத்த முறை போனபோது அவர் எதிர்க்கடையிலிருந்து வாயசைக்கிறார்: நாலுல மூணு, எட்டுல எத்தனை? இசக்கி ஆறு விரலைக் காட்டுகிறாள். அவள் அம்மா கரண்டியை அப்படியே பிடித்தபடி, "சரியா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டாள். சரி என்றேன். பிறகு பொட்டலம் போட அவள் அம்மா கூப்பிட்டது இசக்கியை அல்ல, ஒத்தாசைக்கு வந்திருந்த தன் தங்கையை.

சீசன் முடிந்து வகுப்புக்கு வந்த இசக்கி கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் திரும்பி நின்று வாய்க்குள் முணுமுணுப்பதைத் தவிர மற்றதெல்லாம் என் வாயசைவிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இன்னும் கொஞ்ச நாளில் மறுபடி சாரல் விழும். இந்த முறை அறிவியல் டீச்சரையும் கேமரா முன்னால் நிறுத்துவேன் அப்பா. அவளும் கூச்சப்படுகிறவள்தான். பக்கத்தில் நான் நின்றுகொள்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நேற்றுப் பள்ளி திறந்தது. இசக்கி ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் இளைய மகள்